எச்.ஐ.வி. உள்ள தாயின் குழந்தைக்குத் தட்டம்மைப் பாதுகாப்பு எத்தனை மாதம் நிற்கும்?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஊர் தேவகோட்டைப் பக்கம். கர்ப்பத்தின் ஐந்தாம் மாதப் பரிசோதனையில்தான் உங்களுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் கூட்டு மருந்தை (ஏ.ஆர்.டி.) விடாமல் சாப்பிடுகிறீர்கள். பிரசவம் நாள் முடிந்து நடந்தது. குழந்தைக்கு இப்போது ஐந்தரை மாதம். ஆறாவது வாரம் எடுத்த, கிருமியையே நேராகத் தேடும் பி.சி.ஆர். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்திருக்கிறது. தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்கிறீர்கள். தெருவில் இரண்டு பிள்ளைகளுக்குத் தட்டம்மை என்கிறார்கள். உங்கள் மாமியார், "தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு அம்மை அண்டாது" என்கிறார். கிராம சுகாதார செவிலியர் ஒன்பது மாதம் முடிந்ததும் ஊசிக்குத் தூக்கி வரச் சொல்லியிருக்கிறார். உங்களிடமிருந்து பிள்ளைக்குப் போன எதிர்ப்புச் சக்தி அதுவரை காக்குமா என்பது கேள்வி. எழுதாமல் விட்ட இன்னொரு கேள்வியும் அதற்கு அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்: என் நோய் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியதையும் கெடுத்துவிட்டதா?

முதலில் நேரான பதில். ஒன்பது மாதம் வரை காக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் ஒரு கூடுதல் தட்டம்மைத் தடுப்பூசி போட முடியுமா என்று இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள். அதைப் போட்டாலும் ஒன்பதாம் மாத ஊசியும், ஒன்றரை வயது வாக்கில் போடும் ஊசியும் அப்படியே தொடர வேண்டும். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். நான் குழந்தை மருத்துவர். சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட அரசு மருத்துவமனைகளில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் உங்கள் குழந்தையை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அதனால் இது உங்கள் மருத்துவரிடம் என்ன பேசுவது என்பதற்கான விளக்கம், மருந்துச் சீட்டு அல்ல.

கர்ப்பத்தில் தாயின் ரத்தத்தில் இருக்கும் ஐ.ஜி.ஜி. என்ற வகை எதிர்ப்புப் புரதம் மட்டும்தான் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். அதுவும் தானாகக் கசிந்து போவதில்லை. நஞ்சுக்கொடியில் அதற்கென்றே இருக்கும் ஏற்பிகள் பிடித்து அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுகின்றன. இந்த வேலை பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில், அதிலும் கடைசி நாலு வாரங்களில் மும்முரமாக நடக்கும். நாள் முடிந்து பிறக்கும் குழந்தையின் ரத்தத்தில் தாயைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இது இருப்பது சகஜம். ஏழாம் மாதத்தில் பிறந்துவிட்ட குழந்தைக்கு ஏறக்குறையப் பாதிதான் கிடைத்திருக்கும். உங்கள் பிள்ளை நாள் முடிந்து பிறந்திருக்கிறது, அது நல்லது.

பிறந்த பிறகு இந்தச் சரக்கு ஏறாது, கரைய மட்டுமே செய்யும். நம் பக்கத்தில் கல்யாணமானவர்களை வேறு வைக்கும்போது, அதாவது தனிச் சமையலுக்குப் பிரித்து வைக்கும்போது, அரிசி, பருப்பு, மிளகாய், புளி என்று ஒரு வருஷத்துக்கானதைக் கொடுத்து விடுவார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதேதான். கொடுத்தது குறைவாக இருந்தால் ஆடிக்கு முன்பே பானை காலி. குழந்தை தன் சமையலைத் தானே தொடங்க வேண்டும், அதற்குத்தான் தடுப்பூசி. தாய் கொடுத்தது எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் எத்தனை மாதம் தாங்கும் என்பதும். ஒன்பது மாதம் என்பது எல்லாக் குழந்தைக்கும் எழுதி வைத்த கணக்கு இல்லை.

இங்கே உங்கள் மாமியார் சொன்னதைத் தள்ளிவிடாமல் பார்க்க வேண்டும். அவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். அவர் தலைமுறையில் ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் சின்ன வயதிலேயே தட்டம்மை வந்து போயிருக்கும். நோயாகவே வந்து போனவர்களுக்கு எதிர்ப்புப் புரதம் அதிக அளவில் நிற்கும், அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கும் நிறையக் கிடைக்கும். கைக்குழந்தைக்கு அம்மை வராது என்பது அப்போது ஓரளவு உண்மை. இந்தியாவில் தட்டம்மைத் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் சேர்ந்தது 1985-ல். அதற்குப் பிறகு பிறந்து, ஊசி போட்டு, நோயையே பார்க்காமல் வளர்ந்த பெண்கள்தான் இன்றைய தாய்மார்கள். ஊசியால் வந்த எதிர்ப்பு உங்களைக் காப்பாற்றப் போதும், ஆனால் அதன் அளவு நோயால் வந்ததைவிடக் குறைவு. அதனால் எச்.ஐ.வி. இல்லாத தாயின் பிள்ளைக்கும் இப்போது ஐந்தாறு மாதத்திலேயே பாதுகாப்பு மெலிந்துவிடுவது அதிகம்.

மாமியார் கணக்கில் பிசகியது ஒரே இடம்தான். நஞ்சுக்கொடி செய்த வேலைக்குத் தாய்ப்பாலுக்குப் பேர் கொடுத்துவிட்டார். பாலில் வரும் எதிர்ப்புப் புரதம் பெரும்பாலும் வேறு வகை. அது குடலிலும் தொண்டையிலும் நின்று காக்கும், வயிற்றுப்போக்கையும் சளியையும் தடுக்கப் பெரிய உதவி. மனிதக் குழந்தையின் குடல் அதை உறிஞ்சி ரத்தத்தில் சேர்ப்பதில்லை என்றே சொல்லலாம். தட்டம்மைக் கிருமி மூச்சு வழியாக உள்ளே போய் ரத்தத்தில் பரவுவது, அதைத் தடுக்கத் தாய்ப்பாலை மட்டும் நம்ப முடியாது. இதைப் படித்துவிட்டுப் பாலை நிறுத்திவிடாதீர்கள். நீங்கள் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிடும்வரை ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு இணை உணவோடு தாய்ப்பால் என்பதுதான் நம் நாட்டு வழிகாட்டுதலும்.

இப்போது எச்.ஐ.வி. இதில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மலாவி, கென்யா, ஜாம்பியா, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகள், தங்களுக்குத் தொற்று வராதவர்களாக இருந்தால்கூட, பிறக்கும்போதே தட்டம்மை எதிர்ப்புப் புரதம் குறைவாகப் பெற்றிருக்கிறார்கள். இது திரும்பத் திரும்ப வந்த முடிவு, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காரணம் ஒன்றல்ல. தாயின் எதிர்ப்பு அணுக்களை இந்தக் கிருமி அரிப்பதால் அவரிடமே பழைய தட்டம்மை எதிர்ப்பு குறைந்திருக்கலாம். அடுத்தது கொஞ்சம் விசித்திரமானது. எச்.ஐ.வி. உள்ளவர்கள் ரத்தத்தில், குறிப்பாக மருந்து தொடங்காதவர்களிடம், மொத்த ஐ.ஜி.ஜி. குறைவதற்குப் பதில் மிகையாக ஏறியிருக்கும். பெரும்பாலும் உபயோகமில்லாத சரக்கு. நஞ்சுக்கொடியின் ஏற்பிகளோ குறிப்பிட்ட எண்ணிக்கைதான். கூட்டம் நெரியும்போது வேண்டியதும் வேண்டாததும் ஒன்றாக முட்டி மோதி, தட்டம்மைக்கானது போய்ச் சேர்வது குறைகிறது. இது போக, நஞ்சுக்கொடியில் ஏற்படும் அழற்சி, குறைமாதப் பிரசவம் இரண்டும் அளவைக் குறைக்கும். ஆப்பிரிக்காவில் மலேரியாவும் இதில் சேர்ந்துகொள்ளும், நம் பக்கம் அது பெரிதாக இல்லை.

ஜாம்பியாவில் நடந்த ஒரு ஆய்வு நன்றாக நினைவிருக்கிறது. ஆறு மாத வயதில், எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்து தொற்று இல்லாமல் இருந்த குழந்தைகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் தாய் கொடுத்த எதிர்ப்பு மிகவும் இறங்கிவிட்டிருந்தது. தொற்று வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது. தொற்று இல்லாத தாய்களின் பிள்ளைகளில்கூட பாதிக்கு மேல். அந்தக் கடைசி வரியைத்தான் நீங்கள் இரண்டு தடவை படிக்க வேண்டும். நீங்கள் எழுதாமல் விட்ட கேள்விக்கான பதில் அதில் இருக்கிறது. உங்கள் நோய் பிள்ளையின் பங்கைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டுப் பிள்ளை கோட்டைக்குள்ளும் உங்கள் பிள்ளை வெளியிலும் நிற்கிறது என்பது இல்லை. வித்தியாசம் சில வாரங்கள், சில மாதங்கள் அளவில்தான்.

இனி சந்தேகமான பகுதி. இந்த ஆய்வுகளில் பல, கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கூட்டு மருந்து கிடைக்காத காலத்தவை. இந்தியாவிலேயே இலவசக் கூட்டு மருந்து 2004-ல்தான் தொடங்கியது. நம் மாநிலத்தில் தாம்பரம் மருத்துவமனை முதலிடங்களில் ஒன்று. இன்றைக்கு உங்களைப் போலக் கர்ப்பத்திலேயே மருந்து தொடங்கியவர்களுக்கு, அதிலும் கர்ப்பத்துக்கு முன்பே சாப்பிடுகிறவர்களுக்கு, இந்த இடைவெளி குறைகிறது என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. முழுவதும் அடைபட்டுவிடுகிறது என்று சொல்லும் அளவுக்கு முடிவுகள் ஒத்துப்போகவில்லை. ரத்தத்தில் அளவு குறைந்திருப்பதும் நோய் வருவதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிருமி தெருவுக்கு வராவிட்டால் எதிர்ப்பே இல்லாத குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம். பிள்ளையின் எதிர்ப்பு அளவை ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். பார்க்கலாம், ஆனால் செய்ய வேண்டியது அதனால் மாறப் போவதில்லை. பிஞ்சுக் கையில் இன்னொரு குத்து, அவ்வளவுதான்.

இதே வழியில் இன்னொன்றும் குழந்தைக்குப் போயிருக்கிறது, அதைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் ரத்தத்தில் எச்.ஐ.வி.க்கு எதிரான புரதமும் ஐ.ஜி.ஜி.தான், அதுவும் நஞ்சுக்கொடியைத் தாண்டும். ஆகவே ஆறாம் மாதத்திலோ பன்னிரண்டாம் மாதத்திலோ யாராவது சாதாரண விரல் குத்துப் பரிசோதனை செய்து "பாசிட்டிவ்" என்று சொன்னால் இடிந்துபோகாதீர்கள். அது உங்கள் புரதமாக இருக்கலாம். பதினெட்டு மாதத்துக்கு முன் பி.சி.ஆர். பார்க்காமல் குழந்தைக்குத் தொற்று உண்டு என்று முடிவு கட்டக் கூடாது. தட்டம்மைப் புரதம் ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும்போது இது மட்டும் ஏன் ஒரு வருஷம் தாண்டியும் தெரிகிறது என்றால், இது உங்கள் உடம்பில் மலைபோலக் கிடக்கிறது, பரிசோதனையும் ஒரு சொட்டு இருந்தாலே காட்டிவிடும்.

அப்புறம், ஒன்பது மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? தட்டம்மைத் தடுப்பூசியில் இருப்பது பலவீனமாக்கிய உயிருள்ள கிருமி. அது குழந்தையின் உடம்பில் கொஞ்சம் பெருகினால்தான் எதிர்ப்பு உருவாகும். தாயின் புரதம் மிச்சம் இருந்தால் நோய்க் கிருமி என்றே நினைத்து இதையும் கொன்றுவிடும், ஊசி வீணாகும். சரி, தாமதமாகப் போடலாம் என்றால் அதற்குள் நோய் முந்திக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் எடுத்த சமரசம்தான் ஒன்பது மாதம். அந்த வயதில் போட்டால் நூறில் சுமார் 85 பேருக்குப் பிடிக்கும், ஒரு வயதில் போட்டால் சுமார் 95 பேருக்கு. நோய் அரிதான நாடுகள் ஒரு வயது வரை காத்திருக்கின்றன. நாம் காத்திருக்க முடியாது.

எச்.ஐ.வி. உள்ள தாயின் பிள்ளைக்கு இந்தத் தராசு வேறு பக்கம் சாய்கிறது. பாதுகாப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது என்பது கெட்ட செய்தி. ஆனால் அதனாலேயே ஊசிக்கான தடையும் சீக்கிரம் விலகுகிறது. தொற்று இல்லாத இந்தக் குழந்தைகள் ஆறு மாதத்தில் போட்ட ஊசிக்கும் நன்றாகவே எதிர்ப்பு உருவாக்குவதை மலாவியில் பார்த்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனம், தொற்று உள்ள குழந்தைகளுக்கும் எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகளுக்கும் ஆறு மாதத்தில் ஒரு கூடுதல் ஊசியைப் பரிந்துரைக்கிறது. அதற்குப் பூஜ்ய டோஸ் என்று பேர். கணக்கில் சேராத டோஸ் என்று பொருள்.

நம் தேசிய அட்டவணையில் தட்டம்மை-ருபெல்லா ஊசி 9 முதல் 12 மாதத்துக்குள் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று. ஆறு மாத ஊசி எல்லாக் குழந்தைக்குமான அந்த அட்டவணையில் இல்லை. அதனால் உங்கள் செவிலியர் சொன்னது தவறில்லை, அவர் கையில் இருக்கும் அட்டவணைப்படி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். தன் முடிவில் அவர் ஊசியை முன்னால் போட முடியாது. மருத்துவர் எழுதித் தந்தால் முடியும். நீங்கள் மருந்து வாங்கும் கூட்டு மருந்து மையத்திலேயே கேளுங்கள், அல்லது காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ சிவகங்கை மருத்துவக் கல்லூரியிலோ குழந்தைகள் பிரிவில் காட்டுங்கள்.

ஊரில் தெரிந்துவிடுமோ என்ற பயத்தையும் எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் வெளியில் சொல்லக்கூடிய ஒரு நல்ல காரணம் ஏற்கெனவே இருக்கிறது: தெருவில் தட்டம்மை. 2022-ல் மும்பையில் தட்டம்மை பரவியபோது மத்திய சுகாதார அமைச்சகமே, ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளிடம் அதிகம் பரவும் இடங்களில் ஆறு மாதம் முடிந்த எல்லாக் குழந்தைகளுக்கும் பூஜ்ய டோஸ் போடச் சொன்னது. ஆகவே "தெருவில் அம்மை இருக்கிறது, டாக்டர் முன்கூட்டியே போடச் சொன்னார்" என்று சொன்னால் யாரும் இரண்டாம் கேள்வி கேட்க வேண்டியதில்லை. மருத்துவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லுங்கள், சீட்டில் காரணம் எழுத வேண்டாம் என்று கேளுங்கள். உங்கள் நிலையை உங்கள் சம்மதம் இல்லாமல் வெளியில் சொல்வது 2017-ம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டப்படி பொதுவாகக் கூடாது. யாராவது மீறினாலோ, பேச ஆள் வேண்டும் என்றாலோ 1097 என்ற இலவச எண் இருக்கிறது.

ஆறு மாத ஊசியிலும் தெளிவாகாத ஒன்று உண்டு. சீக்கிரம் போட்ட ஊசி, பிறகு போடும் ஊசிகளின் பலனைக் கொஞ்சம் மங்கச் செய்யுமா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. ஆறு மாதக் குழந்தையின் எதிர்ப்பு மண்டலமே முதிராதது, தாயின் புரதம் இல்லாவிட்டாலும் ஒன்பதாம் மாத அளவுக்குப் பிடிக்காது. நோயே இல்லாத ஊரில் இருக்கும் சாதாரணக் குழந்தைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். உங்கள் பிள்ளைக்கு, உங்கள் தெருவில், நன்மைதான் கூட என்பது என் அபிப்பிராயம்.

உயிருள்ள கிருமி என்றதும் ஒரு பயம் வரும், அது நியாயமானதும்கூட. குழந்தைக்கு எச்.ஐ.வி. இல்லை என்றால் இந்த ஊசியால் கூடுதல் ஆபத்து எதுவும் இல்லை. ஆறு வாரப் பரிசோதனை நல்லபடி வந்திருந்தாலும் தாய்ப்பால் தொடர்வதால் ஆறாம் மாதப் பரிசோதனையும் உண்டு. இரண்டு வேலையையும் ஒரே பயணத்தில் முடிக்கப் பாருங்கள். ஒருவேளை தொற்று இருந்தாலும், எடை ஏறி, விளையாடி, நன்றாக இருக்கும் குழந்தைக்கு ஊசி தடையில்லை. எதிர்ப்பு அணுக்கள் மிகவும் இறங்கியிருந்தால், இந்த வயதில் சி.டி.4 என்ற அந்த அணுக்களின் அளவு நூற்றுக்கு 15-க்குக் கீழே போயிருந்தால், அப்போதுதான் தள்ளிப்போடுவோம். தொற்று உள்ள குழந்தைகளுக்குக் கூட்டு மருந்து தொடங்கி உடம்பு தேறிய பிறகு மறுபடி ஒரு ஊசி போட வேண்டியிருக்கும், முன்பு போட்டது நிற்காமல் போவதால். இது உங்களுக்குத் தேவைப்படாமல் போகட்டும்.

ஆறு மாதத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே, அதுவரை? முதலில், தெருவில் இருப்பது தட்டம்மைதானா என்று தெரிய வேண்டும். நம் பக்கத்தில் எல்லாவற்றையும் அம்மை என்றே சொல்லிவிடுகிறோம். நீர்க் கொப்புளம் கொப்புளமாக வந்தால் அது சின்னம்மை, அதற்கு இந்த ஊசி உதவாது. கடும் காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகல், கண் சிவப்பு, மூன்று நாலு நாள் கழித்துக் காதோரத்திலிருந்து இறங்கும் மணல் போன்ற சிவந்த தடிப்பு என்றால் மணல்வாரி, அதாவது தட்டம்மை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சொன்னால் வந்து பார்ப்பார்கள், ரத்தம் எடுத்து உறுதி செய்வார்கள். இதைச் சொல்வது அந்தப் பிள்ளைகளைக் காட்டிக்கொடுப்பது ஆகாது. மற்றப் பிள்ளைகளுக்கு ஊசி விட்டுப்போயிருந்தால் அப்போதுதான் போடுவார்கள்.

தட்டம்மை அளவுக்குத் தொற்றும் நோய் வேறு இல்லை என்றே சொல்லலாம். எதிர்ப்பு இல்லாதவர்கள் நிறைந்த இடத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் போகும். தடிப்பு தெரிவதற்கு நாலு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். நோயாளி எழுந்து போன பிறகும் மூடிய அறையின் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். அந்த வீட்டுக்குப் போகாமல் இருந்தால் போதும் என்பது பாதிதான் உண்மை. பழைய வீட்டு வளவு வானம் பார்த்துத் திறந்து கிடக்கிறது, அங்கே காற்று ஓடும். இப்போது விசேஷத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏ.சி. போட்ட ஒரே அறையில் பிள்ளைகளோடு படுக்கிறார்கள். படைப்பு (முன்னோருக்குப் படைப்பது), சாந்தி (அறுபதாம் கல்யாணம்), கல்யாணம் என்று வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் கூடும் இடத்துக்கு இந்த ஒரு மாதம் கைக்குழந்தையைத் தூக்கிப் போக வேண்டாம். வீட்டில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கு இரண்டு ஊசியும் போட்டிருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். அவர்களுக்கு வராவிட்டால் இதற்கும் வருவது கடினம்.

குழந்தை தட்டம்மை உள்ளவரோடு ஒரே அறையில் இருந்துவிட்டது என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். ஆறு மாதம் முடிந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் ஊசி போடுவது நோயைத் தடுக்கலாம். முடியவில்லை என்றால் ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது தயாராக எடுத்து வைத்த எதிர்ப்புப் புரதம், கொடுக்க வழி இருக்கிறது. அது எல்லா மருத்துவமனையிலும் கையிருப்பில் இருக்காது, விலையும் அதிகம். அதனால் பெரிய மருத்துவமனைக்குச் சீக்கிரம் போவதுதான் முக்கியம். போனதும் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், மற்றக் குழந்தைகளோடு வரிசையில் உட்கார வேண்டாம். அதே நாளில் உங்கள் மருத்துவரிடம் உங்களைப் பற்றியும் கேளுங்கள், உங்கள் சி.டி.4 குறைவாக இருந்தால் உங்களுக்கும் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்படியும் வந்துவிட்டால், வாசலில் வேப்பிலை சொருகுவதிலோ மீனாட்சிபுரத்து முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதிலோ எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. நானே அந்தக் கோயிலுக்குப் போகிறவன்தான். சண்டை எங்கே என்றால், "அம்மா வந்திருக்கும்போது மருந்து கூடாது" என்று குழந்தையின் மருந்தையும் தாயின் மாத்திரையையும் சேர்த்து நிறுத்துகிறார்களே, அங்கே. ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 50,000 யூனிட், ஆறு முதல் பதினொரு மாதத்துக்கு ஒரு லட்சம் யூனிட் என்று வைட்டமின் ஏ அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்க வேண்டும், கண்ணையும் உயிரையும் காக்க அது உதவும். மூச்சு வேகமாக வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, தூங்கிக்கொண்டே இருந்தாலோ நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். எச்.ஐ.வி. தொற்று உள்ள குழந்தைகளிடம் தடிப்பே சரியாகத் தெரியாமல் நேராக நுரையீரலில் இறங்குவதும் உண்டு. ஒரு வயதுக்குள் தட்டம்மை வருவதை நாங்கள் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு மூளையும் ஒரு காரணம். அரிதாக, பல வருஷம் கழித்து மூளையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும் ஒரு நோய் வரலாம், சின்ன வயதில் தட்டம்மை வந்தவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம்.

ஊசி போட்டபின் ஏழாவது நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வாக்கில் காய்ச்சலோ லேசான தடிப்போ வரலாம். பயப்பட வேண்டாம், பாராசிட்டமால் போதும். ஊசி போட்ட குழந்தையிடமிருந்து உங்களுக்குக் கிருமி தொற்றாது, ஆகவே தூக்கவோ பால் கொடுக்கவோ தயங்க வேண்டாம். உங்களுக்கு இந்த ஊசி உண்டா என்றால், கர்ப்பத்தில் கூடாது. மற்ற நேரத்தில் சி.டி.4 எண்ணிக்கை 200-க்கு மேல் நிலையாக இருந்து, முன்பு ஊசியோ நோயோ வந்ததற்கு அத்தாட்சி இல்லையென்றால் போடலாம். போட்டபின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நடைமுறையில் இரண்டு விஷயம். இந்த ஊசி மருந்துக் குப்பி ஒன்றில் பல குழந்தைகளுக்கானது இருக்கும், கரைத்தபின் நாலு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரே குழந்தைக்காகக் குப்பியைத் திறக்கத் தயங்குவார்கள். அதனால் மருத்துவர் சீட்டோடு தடுப்பூசி போடும் புதன்கிழமை காலையில் போய்விடுங்கள், நாலைந்து பிள்ளைகள் வந்திருப்பார்கள். போட்டதும் அட்டையில் ஒன்பதாம் மாதக் கட்டத்தில் எழுத விடாதீர்கள். தனியாக "பூஜ்ய டோஸ்" என்று தேதியோடு எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒன்பதாம் மாதம் தூக்கிக்கொண்டு போகும்போது, "இதுதான் போட்டாச்சே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.